கையில் கொடுத்த சாம்பிள்

அந்த வருடம் எங்கள் தெருவில் என் மகனின் கன்னத்தைக் கிள்ளாதவர்கள் குறைவு. பால் வாங்கப் போனாலும் கோயிலுக்குத் தூக்கிப் போனாலும் யாராவது வழிமறித்து, "யாத்தாடி, கன்னத்தப் பாரு, பன்னு கணக்கா" என்பார்கள். அதற்கு முந்திய வருடம் இதே ஆட்கள்தான், "ஏம்மா, பிள்ளைக்குச் சோறு போடுதியா இல்லையா?" என்று கேட்டவர்கள். பிள்ளை சதை போட்டால் தாய் கெட்டிக்காரி, இளைத்தால் தாய் குற்றவாளி. எனக்கு அந்தக் கன்னம் வேண்டியிருந்தது. அதனால் எல்லோரையும் கிள்ள விட்டேன்.

அவனுக்கு ஒரு வயது முடிந்ததிலிருந்தே இளைப்பு. மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கினால் போதும். முதலில் மூக்கு ஒழுகும், பிறகு இருமல், அதன்பின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வரும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நான், மகன், என் மாமியார். மாமியார் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் நுண்ணுயிரியல் படித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற, புண்ணில் வைத்துக் கட்டுகிற காஸ் துணி தண்ணீரில் போட்டால் எவ்வளவு விரைவில் மூழ்குகிறது, கஞ்சிப்பசை மிச்சம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போது திரும்புவேன்.

"நீ சீலையில பஞ்சத் தூக்கிட்டு வார. அதான் பிள்ளைக்கு மூச்சு முட்டுது," என்றார் மாமியார் ஒரு நாள். கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னார். அன்றிலிருந்து பின்வாசல் வழியாக வந்து, குளித்து, சேலை மாற்றிய பிறகுதான் மகனைத் தொட்டேன். அப்படியும் இளைப்பு வந்தது. வந்த ஒவ்வொரு தடவையும் என் தலைமுடியை இழுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.

ஊரில் நாங்கள் காட்டிய குழந்தை மருத்துவர் நறுக்கென்று பேசுகிற பெண்மணி. முகமூடி மாட்டிய குழாயோடு, மருந்தை மூச்சில் இழுக்கிற ஒரு பம்பு எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் விடாமல் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தேன். ஆனால் மருந்துக் கடை வாசலிலேயே எனக்குச் சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். ஸ்டீராய்டு. அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டு மதினி வேறு, "பம்பு பழகுனா காலம் பூரா பம்புதான். என் கொழுந்தன் மகன் புத்தகப் பையில வச்சுக்கிட்டுல்லா பள்ளிக்கொடம் போறான்" என்றாள். படித்தவள் பயப்படக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், இவன் எலும்புக்கு ஏதாவது ஆகுமோ, வளர்த்தி நின்றுவிடுமோ என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டுக்குப் பயந்துதான் நான் லேகியத்துக்குப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கம்பெனி முதலாளியின் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். துணி மடிக்கிற பெண்களிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும் அவர் அக்காதான். எனக்கு அந்தச் சொல் சும்மா வாயில் வந்த சொல்லாக இருக்கவில்லை. என் வளைகாப்புக்கு என் கூடப்பிறந்தவர்கள் வருவதற்கு முன்பே வளையல் பெட்டியோடு வந்து இறங்கியவர் அவர். பிள்ளை பெற்றுத் திரும்பிய பிறகு, பால் கட்டிக்கொண்டு நான் நெளிவதைப் பார்த்துவிட்டு, தன் ஆபீஸ் அறையைத் திறந்துவிட்டு வெளியே காவல் நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தார். மகனுக்கு இளைப்பு வந்த நாட்களில் லேபுக்குள் வந்து, "போட்டது போட்டபடி கெடக்கட்டும், நீ கெளம்பு" என்பார்.

கம்பெனியின் பின்பக்கத்தில் காலியாகக் கிடந்த ஷெட்டில் அக்கா ஒரு மூலிகை லேகியம் போடத் தொடங்கினார். சளி, இருமல், இளைப்புக்கு. லைசென்ஸ் எல்லாம் முறையாக வாங்கினார். கூமாப்பட்டிப் பக்கமிருந்து ஆடாதோடையும் தூதுவளையும் கண்டங்கத்திரியும் சாக்குச் சாக்காக வந்தன. மலையடிவாரத்து மூலிகை என்றால் எங்கள் பக்கம் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். நான் கேட்டேன். சாக்கைப் பிரித்து இலையைக் கசக்கிப் பார்த்தேன். கலப்படமில்லாத நல்ல சரக்கு. திப்பிலியும் கருப்பட்டியும் சேர்ந்து கொதிக்கிற நாட்களில் கம்பெனி முழுவதும் பஞ்சு வாசனை போய் அந்த வாசனைதான் வீசும்.

"பிள்ளைகளுக்குக் குடுக்கிற பொருளு. நீதான் டெஸ்ட் பண்ணித் தரணும். நீ சரின்னு சொன்னாத்தான் வெளிய போகணும்," என்றார் அக்கா.

எனக்குப் பெருமையாக இருந்தது. துணியை முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பிள்ளைகளின் மருந்தை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். கிருமி எண்ணிக்கை, பூஞ்சை, ஈரப்பதம் எல்லாவற்றையும் நானே பார்த்தேன். ஈயமும் ஆர்சனிக்கும் பார்க்க எங்களிடம் கருவி இல்லை, மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றேன். செலவைப் பற்றி முணுமுணுப்பார் என்று நினைத்தேன். அக்கா உடனே தலையை ஆட்டினார். "நீ என்ன சொல்லுதியோ அதச் செய்வோம். நம்ம பேரு கெட்டுறக் கூடாது." பாட்டில் லேபிளில் 'ஆய்வகத்தில் பாதுகாப்புப் பரிசோதனை செய்யப்பட்டது' என்று ஒரு வரி ஏறியது. அந்த ஆய்வகம் நான்தான்.

இங்கே துணிச் சோதனையில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சாம்பிளை யார் கையிலிருந்தும் வாங்கக் கூடாது. மெஷின்காரர் ஒரு துண்டை வெட்டி நீட்டினால் வாங்க மாட்டேன். நல்லதாகப் பார்த்துத்தான் நீட்டுவார், யாரும் அப்படித்தான் செய்வார்கள். நானே போய், கட்டிய மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, நடுவிலிருந்து ஒரு துணிச்சுருளை உருவி, அதன் உள்மடிப்பில் வெட்டுவேன். "யம்மா, கட்டுனத மறுபடி அவுக்கச் சொல்லுதீகளே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்று கட்டுகிற அண்ணன் தினமும் சலித்துக்கொள்வார். "இன்னும் உள்ள இருந்து எடுண்ணே" என்பேன் நான்.

லேகியத்துக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தடவை காய்ச்சி இறக்கியதும் அக்காவே ஒரு சின்ன எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஆவி பறக்க எடுத்துக்கொண்டு லேபுக்கு வருவார். "இந்தா, சூட்டோட கொண்டாந்துட்டேன். கொஞ்சம் வாயிலயும் போட்டுப் பாரு, எப்படி இருக்கு?" நான் விரலால் தொட்டு நக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கிக்கொள்வேன். பாட்டிலில் அடைத்த பிறகு நானே எடுக்கிறேன் என்று சொல்ல ஒரு தடவை வாய் வந்தது. வளைகாப்புக்கு வந்த கையை எப்படிச் சந்தேகப்படுவது? சொல்லவில்லை. பாதியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மீதியை வழக்கப்படி, பின்னால் சரிபார்க்கத் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று, கன்ட்ரோல் சாம்பிளாக மூடி ஃப்ரிட்ஜில் வைப்பேன். எல்லாச் சோதனையிலும் அது தேறியது.

மகனுக்குக் கொடுக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். வேறு எந்த லேகியமாக இருந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். இது நானே சோதித்தது. மாமியாருக்கும் சந்தோஷம். "பம்ப மூலையில போடு" என்றார். போட்டேன்.

முதல் பாட்டிலில் ஒன்றும் நடக்கவில்லை. இருமல் கொஞ்சம் மட்டுப்பட்டது, அவ்வளவுதான். மலைக்காற்று தொடங்கியதும் பழையபடி நெஞ்சு கத்தியது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். குறை சொல்லும் எண்ணத்தில் இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா என் முகத்தையே செத்த நேரம் பார்த்தார். மறுநாள் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

"இது வேற. நல்லா சுண்டக் காய்ச்சுனது. உன் மகனுக்குன்னே தனியா எடுத்து வச்சேன். விடாம குடு."

அந்தப் பாட்டில் திறந்த வாரமே நெஞ்சுச் சத்தம் நின்றது. அவன் தெருமுனை வரை ஓடினான். திரும்பி வந்து "பசிக்கி" என்றான். என் மகன் அந்தச் சொல்லை அதுவரை சொன்னதில்லை. மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார், "என்னய்யா சொன்ன? இன்னொருக்கச் சொல்லு" என்று. இட்லியாகத் தின்றான், பருப்புச் சோறாகத் தின்றான், தின்றுவிட்டு மறுபடி கேட்டான். கன்னம் வந்தது. பாட்டில் தீரத் தீர அக்காவே அடுத்ததைக் கையில் கொடுத்துவிடுவார். அக்கா அவனைப் பார்க்க வந்து, மடியில் வைத்து, போனில் படம் எடுத்தார். அந்தப் படம் போஸ்டராகி ராஜபாளையத்து மருந்துக் கடைகளில் ஒட்டப்பட்டபோது என்னிடம் கேட்டுத்தான் ஒட்டினார்கள். சரி என்றேன். பஸ்ஸில் தெரியாத பெண்கள்கூட, "உங்க மகனுக்கு அதத்தான குடுக்கீக?" என்று கேட்பார்கள். வன்னியம்பட்டியிலிருந்து பூ விற்க வருகிற பெண் தன் மகளுக்கு வாங்கலாமா என்று கேட்டாள். "நானே டெஸ்ட் பண்ணது. பயப்படாம குடுங்க," என்றேன்.

நான் எதையும் கவனிக்காமல் இல்லை. கவனிப்பதுதான் என் நோயே. அவன் முதுகில் பூனைமுடி கறுத்து அடர்ந்தது. அப்பா வழி என்றார் மாமியார். ஒன்றுமில்லாததற்குக் கத்தி, தரையில் விழுந்து உதைத்தான். செல்லம் கூடிப்போச்சு என்றோம். மாமியார் அங்கன்வாடிப் பழக்கத்தில் மாதாமாதம் அவனை எடை பார்த்துவிட்டு, கதவு நிலையோரம் நிறுத்தி உயரத்துக்குப் பென்சிலால் கோடு போடுவார். எடை ஏறிக்கொண்டே போனது. கோடுகளோ ஒன்றின் மேல் ஒன்றாகவே விழுந்தன. "ஏத்தே, வளரவே இல்லையே?" என்றேன். "நெளிஞ்சுல்லா நிக்கான். நேரா நின்னாத்தான தெரியும்," என்றார். நானும் பென்சில் சாய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. நெஞ்சு கத்தாத பிள்ளையை வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடுவது யார்?

ஒரு காய்ச்சலுக்காகத்தான் மறுபடி அந்த டாக்டரம்மாவிடம் போனோம். காய்ச்சலைப் பார்ப்பதற்கு முன் அவர் அவன் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களைப்போல அவர் கன்னத்தைக் கிள்ளவில்லை.

"பம்பு குடுக்கீங்களா?"

"இல்ல டாக்டர். இப்ப இளைப்பே வர்றதில்ல."

"வேற என்ன குடுக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல. ஒரு லேகியம் மட்டும். மூலிகைதான். நான் வேலை பாக்கிற எடத்துல செய்யுறது. நானே டெஸ்ட் பண்ணது."

சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். உயரம் அளக்கும் பலகையில் நிறுத்தினார். குழந்தைகளுக்கான சின்னப் பட்டையைக் கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பழைய சீட்டில் இருந்த உயரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அந்த லேகியத்துல என்னென்ன பாத்தீங்க?"

"கிருமி, பூஞ்சை, ஈரப்பதம். ஈயமும் ஆர்சனிக்கும் மதுரைக்கு அனுப்பிப் பாத்தோம்." கேட்டவுடன் ஒப்பிக்கத் தயாராக இருந்தேன்.

"ஸ்டீராய்டு பாத்தீங்களா?"

"மூலிகை லேகியத்துல எதுக்கு டாக்டர்..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன். மகன் மேஜைமேல் இருந்த ஸ்டெதஸ்கோப்பை இழுத்தான். மாமியார் அவன் கையைத் தட்டினார். எனக்கு அந்த முகம் முதல் தடவையாக வேறு மாதிரி தெரிந்தது. அது சதை போட்ட முகமாக இல்லை, வீங்கிய முகமாக இருந்தது.

"எனக்குச் சந்தேகம்தான். ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. வீட்டுக்குப் போயி கோவத்துல அதத் தூக்கிப் போட்டுட்டு சும்மா இருந்துறாதீங்க. வெளிய இருந்து கெடைக்க கெடைக்க, உடம்பு தானாச் சுரக்கிற ஸ்டீராய்ட நிறுத்திரும். டக்குனு இல்லாமப் போனா, ஒரு காய்ச்சல்லயே பிள்ளை துவண்டு விழுந்துருவான். அதுக்குப் பதிலா நான் தர்றதக் குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் அவர் சொன்னதுதான் வந்தது. அவன் உடம்பு சுரக்க வேண்டியதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தது. டாக்டரம்மா ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார். அதுவும் ஸ்டீராய்டுதான். எதற்குப் பயந்து பம்பை மூலையில் போட்டேனோ, அதையே என் கையால் தூள் செய்து, தேனில் குழைத்து, அவன் வாயில் வைத்தேன். இந்தத் தடவை அது என்ன என்று தெரிந்து வைத்தேன். அது ஒன்றுதான் வித்தியாசம்.

அப்போதும் எனக்கு அக்கா மேல் சந்தேகம் வரவில்லை. இதை நம்புவது கஷ்டம், ஆனால் உண்மை. சாக்கில் வந்த மூலிகையில் யாரோ கலந்திருப்பார்கள், காய்ச்சுகிற ஆள் ஏதோ செய்திருப்பான், பாவம் அக்காவுக்கே தெரியாது, போய்ச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். கையில் ஆதாரத்தோடு சொன்னால் அக்காவுக்கு உதவியாக இருக்கும் என்றுதான், ஸ்டீராய்டு இருக்கிறதா பார்க்கச் சொல்லி மதுரைக்கு அனுப்பினேன். ஃப்ரிட்ஜில் இருந்த கன்ட்ரோல் சாம்பிள் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் கடையில் வாங்கி சீல் உடைக்காத பாட்டில் ஒன்று, வீட்டில் மகனுக்குக் கொடுத்த பாட்டில் ஒன்று. மூன்றும் ஒரே சரக்கு என்று லேப்காரரிடம் சொன்னேன்.

அவர் போன் செய்தபோது நான் கண்ணாடிக் குவளையில் காஸ் துணியைப் போட்டு, அது மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், மூணும் ஒரே சரக்குன்னா சொன்னீங்க?"

"ஆமா சார்."

"இல்ல மேடம். மொதல் டப்பா சுத்தம். ஒண்ணுமே இல்ல. மத்த ரெண்டுலயும் இருக்கு. அந்தத் திறந்த பாட்டில், வீட்டுதுன்னு எழுதியிருந்தீங்கள்ல, அதுலதான் ஜாஸ்தி."

துணி மூழ்கிவிட்டது. நேரம் குறிக்கிற கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன். சுத்தமானது எனக்குக் கொடுத்த டப்பா. கலந்தது கடைக்குப் போனது. அதிகம் கலந்தது என் மகனுக்கு. தனியா எடுத்து வச்சேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை.

ஷெட்டில் கருப்பட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா ஓரமாக நாற்காலி போட்டு லேபிள் ஒட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களை டீ குடிக்க அனுப்பச் சொன்னேன். என் குரலைக் கேட்டு உடனே அனுப்பினார்.

"அக்கா, எனக்குக் குடுத்த சாம்பிள்ல அது இல்ல. கடைச் சரக்குல இருக்கு. என் வீட்டு பாட்டில்லயும் இருக்கு."

எது என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அன்றைக்கும் நம்பியிருப்பேன்.

"உக்காரு மொதல்ல," என்றார். "உன் மகன் நெஞ்சு குழி விழுந்து கெடந்தான்ல? நீதான அழுதுட்டு வந்து நின்ன? இப்ப ஓடுதானா இல்லையா?"

"அது என்னன்னு சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம்ல?"

"சொன்னா நீ குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அக்காவே தொடர்ந்தார். "டாக்டருமாரு அதத்தான குடுக்காக? ஊர்ல எல்லாரும்தான் போடுதாக. வெறும் தழையக் காய்ச்சி ஊத்துனா எவன் ரெண்டாந்தரம் வாங்குதான்?"

"டாக்டரு சொல்லிட்டுக் குடுக்காக அக்கா. அளந்து குடுக்காக. எம்புட்டு, எத்தன நாளைக்குன்னு சொல்லிக் குடுக்காக. இவன் வளரவே இல்ல, தெரியுமா உங்களுக்கு?"

"இந்த வயசுல எந்தப் பிள்ள மளமளன்னு வளருது? போகப் போக வளருவான்."

"எனக்கு எதுக்கு நல்ல சாம்பிளா கொண்டாந்து குடுத்தீக?"

முதல் தடவையாக அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ கெட்டிக்காரி. தோண்டித் துருவிக்கிட்டே இருப்ப. என்னைக்காவது அதையும் பாத்துருவன்னு தோணுச்சு." பிறகு பழைய குரலுக்கு வந்தார். "வெளிய போயிப் பேசிக்கிட்டு இருக்காத. நீ நம்ம பிள்ள."

நம்ம பிள்ள. அந்தச் சொல்தான் என்னை உடைத்தது. என் சந்தேகப் புத்தியை வீட்டில் எல்லோரும் குறையாகச் சொன்னபோது, அதை மதித்த ஒரே ஆள் அக்கா என்று நினைத்திருந்தேன். மதிக்கத்தான் செய்திருக்கிறார். பொய்யாகச் சான்று தருகிற ஒருத்தி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மனதாரச் சரி என்று சொல்லி, பஸ்ஸில் கேட்கிறவர்களிடமும் அதையே சொல்லுகிற ஒருத்தி வேண்டியிருந்தது.

அன்றே வேலையை விட்டேன். போனில் கணவரிடம் சொன்னேன். "ஏட்டி, நீயே டெஸ்ட் பண்ணேன்னு சொன்னியே?" என்றார். குற்றம் சாட்டவில்லை, புரியாமல்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. புகார் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். மாமியார் நிலைக்கதவில் இருந்த கோடுகளைக் கையால் தடவிக்கொண்டு, "எடை ஏறுது எடை ஏறுதுன்னு நானும்ல கொண்டாடுனேன்" என்றார். பஞ்சைப் பற்றி அதன் பிறகு அவர் பேசியதில்லை.

என் புகாரைப் பார்த்து விருதுநகரிலிருந்து வந்த மருந்துத் துறை அதிகாரியிடம் நான் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். "சார், அவிய எடுத்துக் குடுக்கிறத வாங்காதீக. கடையில நீங்களே வாங்குங்க. சீலையும் நீங்களே உடைங்க." "எங்களுக்குத் தெரியும்மா," என்றார் அவர் எரிச்சலாக. எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஷெட்டைப் பூட்டினார்கள். கம்பெனிப் பெண்கள் பஸ்ஸில் என்னைக் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உண்ட வீட்டுக்கு என்று தொடங்கி ஏதோ சொன்னது காதில் விழுந்தது.

பூக்காரப் பெண்ணைத் தேடிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் கையில் இருந்த நாரைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னீகன்னுதான வாங்குனேன்?" ஆமாம் என்றேன். லேகியத்தை டக்கென்று நிறுத்தக் கூடாது, இன்றைக்கே டாக்டரிடம் வா, நானும் கூட வருகிறேன் என்றேன். வந்தாள். ஆனால் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காராமல் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

மாத்திரை முழுதாக இருந்து முக்கால், பாதி, கால் என்று குறைந்தது. மகனின் கன்னமும் அப்படியே குறைந்தது. பசி குறைந்தது, முரட்டுத்தனம் குறைந்தது. தெருவில் மறுபடி ஆரம்பித்தார்கள்: "என்ன, பிள்ள இப்படி எளைச்சுட்டான்? எதும் சரியில்லையா?" பம்பு மூலையிலிருந்து வெளியே வந்தது. முகமூடியை மூக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஹாரன்போல ஊதுவான். மலைக்காற்றுக்கு ஒரு மத்தியானம் நெஞ்சு லேசாகக் கத்தியது. பயந்து காதை வைத்துக் கேட்டேன். பழைய சத்தம். பம்பு அழுத்தினேன், அடங்கியது. அன்றும் அழுத்துமுன் டப்பாவையும் லேபிளையும் தேதியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இப்போது எதையும் அப்படித்தான் பார்க்கிறேன். மாமியார் ரசம் ஊற்றினால்கூட, என்ன போட்டீக என்று வாய் வரை வந்துவிடுகிறது.

காலையில் எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டரம்மா ஒரு மாதம் சொன்னார். நிலைக்கதவில் புதுக்கோடு ஒன்று பழைய கோடுகளை விட்டு ஏறியிருந்தது. பம்பு எங்கள் ஊரில் கிடைக்கவில்லை என்று மகனைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மருந்துக் கடை. கடைக்காரர் உள்ளே தேடப் போனபோது மகன் என் கையை இழுத்தான்.

"அம்மா, அந்தக் குண்டுப் பாப்பா யாரு?"

சுவரில் வெயிலில் வெளுத்த போஸ்டர். பன்னுக் கன்னம், அக்காவின் மடி. அக்காவின் முகத்தை வெட்டிவிட்டுப் பிள்ளையை மட்டும் போட்டிருந்தார்கள். நான் பதில் சொல்லுமுன் கடைக்காரர் பம்போடு வந்துவிட்டார். நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"அது வர்றதில்லம்மா இப்ப. என்னமோ கேஸுங்காக. நல்ல சரக்கு. இன்னமும் கேட்டு வாராக. அந்தப் பிள்ளையே ஈர்க்குச்சியா இருந்துச்சாம், அதக் குடுத்துத்தான் அப்படி ஆச்சாம்."

"தெரியும்," என்றேன். "அது இவன்தான்."

அவர் போஸ்டரைப் பார்த்தார். குனிந்து, என் பக்கத்தில் நின்ற ஒல்லிப் பையனைப் பார்த்தார். மறுபடி போஸ்டரைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"அடப் பாவமே," என்றார். "நல்லா இருந்த பிள்ளைக்கு ஏம்மா நிறுத்துனீக?"

கடையில் வேறு யாரும் இல்லை. பம்பை வாங்கிப் பையில் போட்டேன். மகனைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"சொல்லுதேன்," என்றேன். "செத்த நேரம் ஆகும். மொதல்ல அந்தப் படத்தக் கிழிங்க."